சாருமதியின் சொந்த முகம்

செவக்காட்டு அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு முகம் மாறத் தொடங்கியது ஹார்டுவேர் கடை ராமசுப்புவின் ஐம்பதாவது பிறந்தநாளன்று, மத்தியானம், பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்த நேரத்தில். அதற்கு முந்தின நாள் வரைக்கும் அந்தப் பிள்ளைகளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது, ஏனென்றால் ஒருத்தரும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் எண்ணெய் தடவி வழித்துச் சீவின தலைகளையும், ஒரே துணியில் தைத்த சட்டைகளையும், கூப்பின கைகளையும்தான். நம் பக்கத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், கல்யாணநாள் வந்தாலும், அப்பாவுக்குத் திதி வந்தாலும், தறுதலை மகன் கடைசித் தாளையும் எழுதிப் பாஸாகிவிட்டாலும், இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் குளித்து, பவுடர் பூசி, பாயில் வரிசையாக உட்கார்ந்து, முன்னே பின்னே பார்த்திராத அந்த ஆளின் பெயரைச் சொல்லி அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டிக்கொண்டு, பாட்டுப் பாடி, அவர் கேக் வெட்டும்போது கைதட்டி, அதற்குப் பிறகுதான் தட்டில் கை வைக்கலாம். ஆக அந்தப் பிள்ளைகளுக்கு வருஷம் பூராவும் பிறந்தநாள்தான், அவர்களுடையது எது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ராமசுப்பு கேக்கில் ஒரு துண்டை எடுத்து முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளைக்கு ஊட்டக் குனிந்தார். அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபோது அதற்கு அவருடைய மூக்கு இருந்தது. அவருடைய சப்பை மோவாயும், இடது கன்னத்து மருவும், ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி நிற்கிற அந்தச் சந்தேகப் பார்வையும் இருந்தன. பக்கத்தில் நின்ற அவர் மனைவி பிள்ளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடியும் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அவர் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளி, "வீட்டுக்கு வாங்க, பேசிக்கிடுதேன்" என்றாள். ஆனால் அடுத்த பிள்ளைக்கும் அதே மூக்கு, அதற்கடுத்த பிள்ளைக்கும் அதே மரு என்று வரிசை முழுக்க, ஆண் பெண் வித்தியாசமில்லாமல், சின்னச் சின்ன ராமசுப்புகளாக உட்கார்ந்து கைதட்டுவதைக் கண்டதும் அவளுக்கே சந்தேகம் தீர்ந்துபோயிற்று. இத்தனை பிள்ளைகளுக்கு அப்பாவாக இருக்க அவருக்குச் சாமர்த்தியம் போதாது என்பது அவளுக்குத் தெரியும். ராமசுப்பு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஐம்பது வருஷத்தில் தன்னை யாரும் இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை என்று பிற்பாடு கடைக்கு ஆணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கார் வாசலைத் தாண்டினதும் பிள்ளைகளின் முகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பிசைந்து வைத்த மாவு மாதிரி ஓர் அடையாளமும் இல்லாமல் ஆயின. பிள்ளைகள் எழுந்து தட்டுக் கழுவப் போனார்கள்.

ஊர் ஒரு வாரம் இதைப் பேசியது. ஆஸ்பத்திரி டாக்டர் வந்து ஒரு பிள்ளையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது அவரே என்பதால் கூச்சப்பட்டு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கோயில்காரர்கள் ஒரு காரணமும், சர்ச்சுக்காரர்கள் ஒரு காரணமும், டீக்கடை பெஞ்சுக்காரர்கள் வாயில் வந்த காரணமெல்லாமும் சொன்னார்கள். அடுத்த வாரமே ஊர் அதைத் தன் சௌகரியத்துக்குத் தக்கபடி மடித்து வைத்துக்கொண்டது. சாப்பாடு போட நாள் கேட்டு வருகிறவர்கள் பெருகினார்கள். மகனும் மகளும் அமெரிக்காவில் இருக்கிற ரிட்டயர்டு ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, தங்கள் முகத்தையே நாலு வயதில் பார்த்துக் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். செத்துப்போன பிள்ளையின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டிய ஒரு தாய்க்கு, இல்லத்துப் பிள்ளை போட்டோவைப் பார்க்காமல் அவளையே பார்த்ததால், அவளுடைய அழுத முகம்தான் திரும்பக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இல்லத்துப் பிள்ளைகளின் பக்கம் பிரம்பை ஓங்கினால் தன் முகமே தன்னைப் பார்த்து மிரளுவதைக் கண்டு இரண்டு நாள் அடிக்காமல் இருந்தார், மூன்றாம் நாளிலிருந்து முன்னைவிடப் பலமாக அடித்தார். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வந்த கம்ப்யூட்டர்காரர் கேமராவுக்குப் பின்னால் நின்றபடி "இங்க பாரு, இங்க பாரு" என்று சொல்லிச் சொல்லிப் பிடித்ததில், இல்லத்துப் பிள்ளைகள் எல்லார் அட்டையிலும் இன்றைக்கு வரைக்கும் அந்த மனுஷனின் வழுக்கை நெற்றியும் தூக்கக் கண்களும்தான் இருக்கின்றன. அதையும் ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டார்கள்.

கொஞ்சம்கூட ஆச்சரியப்படாத ஒருத்தி இல்லத்துக்குள்ளேயே இருந்தாள். ஆவுடைத்தங்கம், பள்ளிக்கூட வயசு வராத பிள்ளைகளின் அறைக்கு ஆயா. புருஷன் கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் போட்டுக்கொண்டான், மகன் திருப்பூரில் இருந்துகொண்டு பொங்கலுக்குப் பொங்கல் போன் பேசுவான். அதனால் இளகின மனசு என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம், வாய் அப்படிப்பட்ட வாய், பால்காரன்கூட அவளிடம் தண்ணீர் கலந்த பாலைக் கொடுக்கப் பயப்படுவான். பிள்ளைகளுக்கு முகம் மாறுகிறது என்று சமையல்காரி மரியபுஷ்பம் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னபோது, ஆவுடைத்தங்கம் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இதுல என்னட்டி அதிசயம்? வாரவுக மூஞ்சிய அண்ணாந்து பாத்து அண்ணாந்து பாத்தே வளந்தா, மூஞ்சி ஒட்டிக்கிடத்தான செய்யும்" என்றாள். அவளுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும். கைக்குழந்தையாக வந்து சேரும்போது எல்லாப் பிள்ளைகளையும் போல வீறிட்டு அழும், யாரும் வரமாட்டார்கள், மறுபடி அழும், வரமாட்டார்கள், ஒரு ஆயா ஒரு பக்கம் பால் புகட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் எப்படி வர முடியும், பிறகு ஒரு நாள் அது அழுவதை விட்டுவிடும், வருகிறவர்கள் எல்லாம் "எவ்வளவு சமத்தா இருக்கு" என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் ஆவுடைத்தங்கம் எழுந்து துணி அலசப் போய்விடுவாள்.

விழுந்து முட்டியில் ரத்தம் வந்தால் அந்தப் பிள்ளைகள் அழுவதற்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்க்கும், யாரும் இல்லையென்றால் எழுந்து போய்விடும். கேட் திறந்தால் போதும், வருகிறது யாராக இருந்தாலும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்னும், "அப்பா" என்னும். சிலிண்டர் போட வந்தவன்கூட அப்படிப் பலதடவை அப்பாவாகியிருக்கிறான். வந்தவர்கள் உருகிப்போய் "பாசமான பிள்ளைகள்" என்பார்கள். பாசமாக இருந்தால் அவர்கள் போகும்போது ஒரு பிள்ளையாவது அழ வேண்டாமா, ஒன்றும் அழாது, கையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். பதினோரு வருஷமாக ஆயா வேலை பார்த்தும் ஒரு பிள்ளைகூட ஆவுடைத்தங்கத்திடம் கோபித்துக்கொண்டதில்லை, சோறு வேண்டாமென்று தட்டைத் தள்ளியதில்லை, அவள் வேறொரு பிள்ளையைத் தூக்கினாள் என்று முரண்டு பிடித்ததில்லை. கோபித்துக்கொள்வதற்குச் சமாதானப்படுத்த ஒரு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கை அங்கே எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

சாருமதி வந்தது பிள்ளைகளுக்கு முகம் மாறத் தொடங்கினதற்கு அப்புறம்தான். பெயர் வைத்தது யாரோ பெயர் வைக்க ஆசைப்பட்ட ஒரு புண்ணியவான். எந்நேரமும் சளி கட்டி மூச்சு இழுக்கிற பிள்ளை; படுக்கப் போட்டால் மூச்சு முட்டும், நிமிர்த்தித்தான் வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஆவுடைத்தங்கம் ஒரு பழைய சேலையைக் கிழித்துப் பிள்ளையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மற்ற பிள்ளைகளுக்குப் பால் புகட்டினாள், துணி அலசினாள், தரை துடைத்தாள், மரியபுஷ்பத்தோடு சண்டை போட்டாள். தேடிப் பிடித்து அந்தப் பிள்ளைமேல் ஆசை வைத்தாள் என்பது உண்மையல்ல, அது நோஞ்சானாக இருந்தது, அவ்வளவுதான். தரையில் கிடந்த மற்ற பிள்ளைகள் கண்ணை மட்டும் திருப்பி அந்த இடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். "எல்லாத்தையும் தூக்கத்தான் கை பரபரங்கு. இடுப்பு ஒண்ணாத்தான வச்சிருக்கான்" என்று அவள் புலம்புவாள், அதைச் சொல்லும்போது யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டாள்.

சாருமதிக்கு இரண்டு வயது தாண்டின சமயம் ஆவுடைத்தங்கம் சங்கரன்கோவிலில் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு நாலைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். மற்ற பிள்ளைகள் ஓடிவந்து எப்போதும்போல ஒட்டிக்கொண்டன, அவளுடைய முகத்தையே அவளுக்குக் காட்டிச் சிரித்தன. சாருமதியை மட்டும் காணோம். தேடினால் கட்டிலுக்கு அடியில், ஒரு வாளிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

"ஏட்டி சாரு, அத்த வந்திருக்கேன் பாரு. வெளிய வா."

வரவில்லை.

"முறுக்கு கொண்டாந்திருக்கேன். இந்தா."

பிள்ளை முறுக்கை வாங்கித் தூர எறிந்தது. தூக்கப் போனவளின் கையைக் கடித்தது. பிறகு அவளைப் பார்த்து, சிவந்துபோய், உதட்டைப் பிதுக்கி, "போ!" என்றது.

ஆவுடைத்தங்கம் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பல் பதிந்த கையைப் பார்த்தாள். "என்மேலயா? ஏட்டி, என்மேலயா கோவம் ஒனக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், என்ன ஆச்சு என்று பதறி வந்த மரியபுஷ்பத்திடம், "இந்தா பாரு, கடிச்சிட்டா, நான் போனதுக்குக் கடிச்சிட்டா" என்று பரிசு வாங்கினவள் மாதிரி கையைக் காட்டினாள். அன்று சாயங்காலம் வரைக்கும் கெஞ்சிக் கொஞ்சி, உப்புமூட்டை தூக்கி, அந்தப் பிள்ளையைச் சமாதானப்படுத்தினாள். அவள் வாழ்க்கையில் அதைப்போல ஒரு சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை, பிறகும் இல்லை.

அதிலிருந்து சாருமதிக்கு முகம் வரத் தொடங்கியது. ஒரேயடியாக அல்ல, மழை பெய்த தரையில் புல் தெரிகிற மாதிரி, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று. முதலில் நடுவில் ஒன்றுகூடப் பார்க்கிற தடித்த புருவங்கள் வந்தன, பிறகு நுனி மட்டும் மேலே தூக்கின சின்ன மூக்கு, பிறகு மேல் உதட்டைவிடப் பெரிய கீழ் உதடு, பிறகு விறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு காதுகள். ஆவுடைத்தங்கத்தின் ஜாடை அதில் மருந்துக்குக்கூட இல்லை. ஊரில் எவருடைய ஜாடையும் இல்லை. அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் அது கோபப்பட்டால் கோபமாக இருந்தது, பசித்தால் பசியாக இருந்தது, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அப்படியே இருந்தது. ஆவுடைத்தங்கம் தினமும் குளிப்பாட்டும்போது அந்தப் புருவத்தை விரலால் நீவிவிட்டு, "இது என் பிள்ள இல்ல, எவன் பிள்ளையும் இல்ல, இது சாரு" என்பாள். அது போதும் என்று அவளுக்கு இருந்தது. இந்த ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு முகம் நிலைத்துவிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று எல்லாச் சாமியிடமும் சொல்லிவைத்தாள்.

நல்லது நடந்தால் நம் ஊரில் அதற்கும் ஒரு புகார் வரும். பெட்ரோல் பங்க் சுந்தரவடிவேல் தன் கல்யாணநாளுக்குச் சாப்பாடு போட வந்தார், பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள், படத்தில் வரிசை வரிசையாகச் சுந்தரவடிவேல்கள் மீசையில்லாமல் சிரிக்க, மூன்றாவது வரிசையில் புருவம் கூடின ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அவரை முறைத்துக்கொண்டிருந்தது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "எல்லாம் என்னய மாதிரி இருக்கு. இது மட்டும் யாரை மாதிரிங்க?" என்று கேட்டார். இல்லத்துச் செகரட்டரி தனபாலன் "சாப்பிடலாம் சார்" என்று பேச்சை மாற்றினார். அடுத்து வந்தவர்களும் கேட்டார்கள், அதற்கடுத்து வந்தவர்களும் கேட்டார்கள். கேக் ஊட்டப் போனால் வாயைத் திறக்காத பிள்ளை, பாட்டுப் பாடாத பிள்ளை, யாரென்றே தெரியாத ஆளுக்கு எதற்கு நீண்ட ஆயுள் வேண்ட வேண்டும் என்பதுபோல உட்கார்ந்திருக்கிற பிள்ளை. பார்த்தவர்களுக்கு அந்த ஒரு முகத்தின் முன்னால் மற்ற முகங்களையும் நம்ப முடியாமல் போனது.

தனபாலன் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் கொசுவலை போட்டவர், மழை ஒழுகின கூரையைத் தானே ஏறி அடைத்தவர், இப்படிப்பட்ட இன்னொரு இல்லத்தில் வளர்ந்து படித்து மேலே வந்தவர். அவர் ஆவுடைத்தங்கத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பதமாகத்தான் பேசினார்.

"அக்கா, பிள்ளைங்க மேல பாசம் வைக்கலாம். ஒட்டுதல் கூடாது. நாளைக்கு நீங்க இல்லாம போனா அது தாங்காதுல்ல?"

"நான் எங்க சார் போவப்போறேன்?"

"அதுக்குத்தான் ஆயாக்கள மாத்தி மாத்திப் போடுறது. ஒங்களத்தான் மாத்தாம விட்டுட்டேன், அது என் தப்பு. மலையடிவாரத்துல நம்ம பெரிய பசங்க இல்லம் இருக்குல்ல, அங்க சமையலுக்கு ஆள் வேணும்."

"சார், அந்தப் பிள்ள கோவப்படுது சார். ஒரு பிள்ள கோவப்படுததுன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எல்லாப் பிள்ளைங்களும் எல்லாரோடயும் அனுசரிச்சுப் போகணும்க்கா. அதுக்கு மட்டும் தனியா ஒரு முகம் இருந்தா நாளைக்கு யாரு அத வச்சுப் பாப்பா? நானும் யாரோடயும் ஒட்டாமத்தான் வளந்தேன். நல்லாத்தான இருக்கேன்?"

அவர் அதை அவ்வளவு அன்பாகச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஆவுடைத்தங்கம் தன்னுடைய ஒடுங்கின கன்னத்தைக் கண்டாள், தன்னுடைய வெற்றிலைக் காவியேறின பல்லைக் கண்டாள், மூக்குத்தியைக் கழற்றி வருஷக்கணக்காகித் தூர்ந்துபோன அந்தத் துளையைக்கூடக் கண்டாள். நாற்பத்தைந்து வயது மனுஷன் அவள் முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார், அது அவருக்கே தெரியவில்லை. அவரோடு சண்டை போடுவது என்றால் யாரோடு போடுவது என்று விளங்காமல், சரி சார் என்று எழுந்துவிட்டாள். வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் ஆயுளில் வாயைத் திறந்திருக்க வேண்டிய ஒரே இடத்தில் திறக்கவில்லை.

இல்லத்தில் ஆயாக்கள் மாறிப் போகும்போது சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது. சொன்னால் பிள்ளை அழும், அழுதால் மற்றதும் அழும் என்று, பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம் பார்த்து அடுப்படி வழியாக நழுவிவிடுவார்கள். பிள்ளைகளும் மறுநாள் புது ஆயாவை அம்மா என்று கூப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும். ஆவுடைத்தங்கமும் அப்படித்தான் போனாள். யாரோ ஒரு வக்கீலுக்குப் பிறந்தநாள், பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தன, சாருமதி வழக்கம்போலப் பாடாமல் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டி, வந்து உட்கார் என்று அவளைக் கூப்பிட்டது. அவள் விரலைக் காட்டி, "இந்தா, ஒரு நிமிசம், வந்திருதேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினாள். சொல்லியிருந்தால் அது அவளை அடித்திருக்கும், கடித்திருக்கும், பஸ்ஸுக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடிவந்திருக்கும், அவ்வளவு கோபமும் அதற்கு உரிமையாகக் கிடைத்திருக்கும். அதைக்கூடக் கொடுக்காமல் வந்துவிட்டோமே என்று பஸ் புறப்பட்டபிறகுதான் அவளுக்குப் புத்தியில் பட்டது. நெஞ்சில் அறைந்துகொண்டாள், பக்கத்தில் இருந்தவர்கள் யாருக்கோ சாவு என்று நினைத்து ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள்.

மரியபுஷ்பம் போனில் சொல்லுவாள். முதலில் சொன்னது, "அடுப்படி வாசல்லயே ஒக்காந்திருக்குக்கா. சோறு எறங்க மாட்டேங்குது. நான் கூப்பிட்டா என்னயக் கடிக்க வருது." பிறகு சொன்னது, "இப்பம் கடிக்கல. பேசாம இருக்கு. ஒக்காந்துக்கிட்டு முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டே இருக்கு." வேலையை விட்டுவிட்டுப் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஆவுடைத்தங்கம் தனபாலனுக்குப் போன் போட்டாள்; புருஷன் இல்லாத, வயசான, சொந்தமாக ஒரு வீடுகூட இல்லாத பொம்பளைக்குப் பிள்ளையைக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார், இப்போது பார்க்க வந்தால் ஆறிவருகிற புண்ணைக் கிளறின மாதிரி ஆகும், கொஞ்ச நாள் போகட்டும் என்றார். கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் மரியபுஷ்பம் சந்தோஷமாகக் கூப்பிட்டாள். "அக்கா, பிள்ள தேறிட்டா! இப்பம் நல்லாச் சாப்பிடுதா, எல்லாருகிட்டயும் ஓடிப்போயி ஒட்டிக்கிடுதா. நேத்து வந்தவுக மூஞ்சி அப்பிடியே வந்திச்சு பாத்துக்கோ, மத்த பிள்ளயளவிட ஜோரா! சார் எல்லாருக்கும் லட்டு குடுத்தாவ." ஆவுடைத்தங்கம் நல்லது என்று சொல்லிப் போனை வைத்தாள். உலையில் அரிசி போட வந்தவள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஒரு வருஷம் கழித்து அனுமதி கிடைத்தது. வாழைப்பழமும் முறுக்கும் வாங்கிக்கொண்டு ஒரு முற்பகலில் அவள் செவக்காட்டுக் கேட்டைத் திறந்தாள். உள்ளேயிருந்து பிள்ளைகள் "அம்மா, அம்மா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன, எல்லாப் பிள்ளைக்கும் அவளுடைய ஒடுங்கின கன்னமும் அவளுடைய தூர்ந்த மூக்குத் துளையும் இருந்தன. அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். புருவம் கூடின ஒரு முகமும் அதில் இல்லை.

"சாரு எங்கய்யா? சாரு யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றது ஒரு பிள்ளை. "நான்தான் சாரு" என்றது இன்னொன்று. "இல்ல, நான்தான், நான்தான்" என்று எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கின, கூப்பிடப்படுகிற பெயர் எதுவாக இருந்தாலும் அது தங்களுடையதாக இருக்கட்டும் என்று அவளுடைய முகத்தை அண்ணாந்து காட்டின, ஒரு பையன்கூட "நான் சாரு" என்றான். மரியபுஷ்பம்தான் அடுப்படியிலிருந்து வந்து, பச்சை ரிப்பனைப் பிடித்து ஒரு பிள்ளையை முன்னால் இழுத்துவிட்டு, "இந்தா இருக்கா ஒன் மக. பாத்தியாக்கா, ஒன்னய மறக்கவே இல்ல பாரு, அச்சு அசல் ஒன் மூஞ்சி" என்றாள்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்துக்குப் போனாள். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டது, கனமாக இருந்தது, வளர்ந்திருந்தது, சிரித்தது.

"ஏட்டி, நான் ஒன்னய ஏமாத்திட்டுப் போனேன்ல? ஒரு நிமிசம்னு சொல்லிட்டுப் போனேன்ல?"

"ஆமா" என்று பிள்ளை சிரித்தது.

"கோவமா இருக்கா? கடி என்னய. இந்தா, கைய நல்லாக் கடி."

பிள்ளை நீட்டின கையைப் பார்த்தது, என்ன செய்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று அவள் கண்ணில் தேடியது, பிறகு அந்தக் கைக்கு ஒரு முத்தம் கொடுத்தது. ஆவுடைத்தங்கத்துக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, உடனே பிள்ளையின் முகமும் கோணி அழுதது, அவள் அழுகிற மாதிரியே, அவளுடைய கன்னத்துச் சுருக்கம் வழியாகவே கண்ணீர் வழிந்தது. ஒரு கணம் அவள் மனசு துள்ளியது. ஆனால் முந்தானையால் அவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது பிள்ளையின் அழுகையும் அந்த இடத்திலேயே நின்றது, ஒரு விசும்பல்கூட மிச்சமில்லை. அவள் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அதைத்தான் அந்த முகம் திருப்பித் தரும், அதற்கு அப்பால் அங்கே ஆள் இல்லை என்று தெரிந்தது. பார்க்காமல் இருந்தாலாவது வருமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. பிள்ளையைக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு, அவள் முதுகைக் காட்டித் திரும்பி, வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த செம்மண் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் பிள்ளை அவள் சேலையைப் பிடித்தது. அவள் திரும்பவில்லை. அது மறுபடி இழுத்தது, இந்தத் தடவை கொஞ்சம் பலமாக, ஒரு சத்தம்கூட வந்தது, முனகலா சிணுங்கலா தெரியவில்லை. இப்போது வந்துகொண்டிருக்கும், புருவம் வந்திருக்கும், மூக்கு வந்திருக்கும், இன்னும் கொஞ்சம், உதடும் வந்துவிடட்டும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் போய்விடும், பார்க்காவிட்டால் அது வந்ததா என்று ஒரு நாளும் தெரியாது. அந்த முகத்தை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்தாள், நீவிவிட்ட அந்தப் புருவத்தை, விறைத்த காதுகளை. அதற்குக்கூடத் தன் முகமேதான் குறுக்கே வந்தது. கேட்டுப் பக்கம் ஒரு கார் ஹாரன் அடித்தது. சேலையைப் பிடித்திருந்த கை விட்டது. சின்னப் பாதங்கள் மண்ணில் தட்டத் தட்ட ஓடின, தூரத்தில் ஒரு ஆண் குரல் "அடடே, என்னை மாதிரியே இருக்கே!" என்று சந்தோஷத்தில் கத்தியது, ஆவுடைத்தங்கம் அப்போதும் திரும்பவில்லை.